எதிர்வீட்டு டீசல்

"கேஸ்ல ஓடுறதே வாங்கிடலாம் சார். புகை இல்ல, வாடை இல்ல, சத்தமும் கம்மி. கைக்குழந்தை இருக்கற வீடு."

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஜெனரேட்டர் கடைக்காரர் ரஞ்சித் இப்படிச் சொன்னதும், மாலதி தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே மாமனார் முகத்தைப் பார்த்தாள். அவள் மனசில் இருந்ததும் அதுதான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ராஜ்குமாரும் போனில் அதையேதான் சொல்லியிருந்தான்.

கோவிந்தராசு அசைந்து கொடுக்கவில்லை.

"டீசலே போடுங்க தம்பி."

"ரெண்டு சிலிண்டர் ஸ்பேர் வச்சுக்கிட்டா போதும் சார். புயலே அடிச்சாலும் கவலையில்ல."

"அதுவும் தீந்துட்டா? தெருவுல யார்கிட்ட போய் சிலிண்டர் கேக்கறது? டீசல்னா எல்லார் வீட்லயும் வயலுக்குத் தண்ணி இறைக்க ஆயில் இன்ஜினுக்கு வாங்கி வச்சிருப்பாங்க. ஒரு அவசரத்துக்குக் கைமாத்தா வாங்கிக்கலாம்."

மாலதிக்குச் சுருக்கென்றது. திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், அந்தத் தெருவிலேயே பெரிய வீடு அவர்களுடையது. சாமான் இன்னும் வீட்டுக்கே வரவில்லை, அதற்குள் கைமாற்றுக்கு வழி பார்க்கிறாரே இந்த மனுஷர்.

அடுத்த உத்தரவு இன்னும் விசேஷம். ஜெனரேட்டரைக் கொல்லைக் கோடியில் தனிக் கொட்டகை போட்டு வைக்கச் சொன்னார். சத்தத்தில் குழந்தை எழுந்துவிடக் கூடாதாம். அதுவரை சரிதான்.

"அதுலேர்ந்து ஒரு லைன் முன்பக்கம் போர்ட்டிகோவுக்கு இழுத்துடுங்க தம்பி. நாற்காலியில உக்காந்தா கைக்கு எட்டற உயரத்துல ஒரு பிளக் பாயின்ட் வேணும்."

"போர்ட்டிகோவுல எதுக்கு மாமா பிளக்கு?"

"இருக்கட்டும்மா. எதுக்காவது ஆவும்."

எதுக்கு ஆகும் என்று மாலதிக்குத் தெரியாதா? ஊரே இருட்டில் கிடக்கும்போது இவர் வாசலில் ஃபேனைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார வேண்டும். போவோர் வருவோர் பார்க்க வேண்டும். அன்றைக்கே புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"உங்கப்பாவுக்குப் பவுசும் வேணும், டீசலுக்கு அடுத்த வீடும் வேணும்."

ராஜ்குமார் சிரித்தான். "அப்பா அழுத்தக்காரர். எதையும் சொல்லிட்டுச் செய்யமாட்டார். விடு."

ஐப்பசி முடிவதற்குள் புயல் வந்தது. மத்தியானமே எங்கோ கம்பம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. கோவிந்தராசு டேங்க் வழிய டீசல் ஊற்றினார். மாலதிதான் குடை பிடித்தாள். இன்னொரு சின்னக் கேன், அதுவும் நிறைய, வாசல் கதவோரம் வந்து உட்கார்ந்தது. ஜெனரேட்டரும் நல்ல பிள்ளையாக ஓடியது.

கொஞ்ச நேரம் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலி பாட்டிலோடு மழையில் இறங்கினார்.

"எங்க மாமா?"

"கமலாம்பா அக்கா வீட்டுக்கு. கொஞ்சம் டீசல் வாங்கியாரேன்."

எதிர்வீட்டுக் கமலாம்பாள் தனிக்கட்டை. துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாக ஆயில் இன்ஜின் வைத்துப் பயிர் பார்க்கிறவள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கினால்கூட, பதிலுக்கு ரெண்டு கத்திரிக்காயாவது கொடுக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. போயும் போயும் அவளிடமா?

"கேன் நிறைய இருக்கே மாமா."

காதில் விழாத மாதிரி அவர் தெருவைக் கடந்துவிட்டார். அங்கே அவர் குரல் கொடுப்பது மழையோடு மழையாகக் கேட்டது.

"அக்கா, டீசல் தீரப்போவுது. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இருட்டுல என்ன பண்ணுவோம்? கொஞ்சம் குடுத்தீங்கன்னா…"

வாய் கூசாமல் ஒரு பொய். அதற்குச் சாக்கு அவள் பெற்ற பிள்ளை. மாலதிக்கு மானமே போய்விட்டது.

சற்று நேரத்தில் ரெண்டு பேரும் வந்தார்கள். டீசல் பாட்டிலை அவரிடம் தராமல் கமலாம்பாளே தூக்கி வந்தாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு இரைத்தது. நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"பச்சப்புள்ள இருக்கற வீடு… டீசல் வாங்கி வைக்க வேணாமா தம்பி?"

"புத்தி வரலக்கா" என்றார் கோவிந்தராசு பவ்யமாக. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். "வந்தது வந்தீங்க, உக்காருங்க. உங்க ஆவி பிடிக்கற மிஷின நான் போய் எடுத்தாரேன், இந்தப் பிளக்ல மாட்டிக்குங்க. உங்க டீசல்லதானே ஓடுது."

பிளக் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது.

மாலதிக்குப் போன வருஷத்துப் புயல் நினைவுக்கு வந்தது. கரண்ட் இல்லாமல் அந்த மிஷின் ஓடவில்லை, கமலாம்பாள் மூச்சுக்குத் தவித்தாள். "எங்க வீட்ல இன்வெர்ட்டர் ஓடுது, வாங்க" என்று மாலதியே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். "அடுத்தவங்க வாசல்ல போய் உக்காந்து எனக்குப் பழக்கமில்லம்மா" என்று அவள் கடைசிவரை வரவில்லை. அப்புறம் அவள் நினைவு தப்பி விழ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தது மறுபிழைப்பு.

மாலதிக்குக் கண் நிறைந்தது. இந்த மனுஷரையா பவுசு என்று சொன்னோம்?

கமலாம்பாள் உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், பிறகு சந்தேகமாக மாலதியைப் பார்த்தாள்.

"நெசமாவே உங்க வீட்ல டீசல் இல்லியா மாலதி?"

மாலதி ஒரு அடி பின்னால் நகர்ந்து, கதவோரம் நின்ற கேனைக் குதிகாலால் மெல்லக் கதவுக்குப் பின்னே தள்ளினாள்.

"ஒரு சொட்டுகூட இல்ல பெரியம்மா. நாளைக்கும் நீங்கதான் கொண்டாரணும்."