ஒரு நாள் தாமதம்

"சாவுச் சேதிய உடனே நெட்டுல போடணுமாம் சார். அதுக்குத்தான் விளம்பரமே தர்றாங்க."

மூன்றாவது முறையாகச் சொன்னாள் ஃபஹீமா.

சபாபதி ப்ரூஃபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு நாள் கழிச்சுத்தான் போடணும். அதுல மாத்தமில்ல."

மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் 'கெடிலக்கரை' மாலைப் பத்திரிகைக்கு அவர் ஆசிரியர், முதலாளி எல்லாம். அதன் இணையதளம் ஃபஹீமாவின் பொறுப்பு. ஒரு வருஷமாகப் பைசா வருமானமில்லை. மார்ச்சுக்குள் தேறாவிட்டால் இழுத்து மூடிவிடலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

இப்போதுதான் சிங்கப்பூர் டிக்கெட் போடும் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அவர்கள் கேட்டது மரண அறிவிப்புப் பக்கத்தை மட்டும். வெளிநாட்டிலிருக்கும் நம் ஆட்கள் முதலில் திறப்பது அதைத்தானே!

'பேப்பர் விக்காதுன்னு பயப்படுறாரு மனுஷன். காலத்துக்கும் இப்படியே இருந்தா விளங்கினாப்பலதான்' என்று ஃபஹீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சாப்பிடப் போன நேரத்தில், பெண்ணாடத்திலிருந்து சேரன் என்பவர் போட்டோவுடன் வந்தார். மாமனார் திருநாவுக்கரசு விடியற்காலையில் தவறிவிட்டாராம்.

"சாயந்திரப் பேப்பர்ல வந்துடுமாம்மா?"

"வந்துடும் சார்."

அச்சுக்கு அனுப்பிய கையோடு நெட்டிலும் ஏற்றினாள். யார் என்ன சொன்னாலும் இந்தத் தளத்தை மூட விடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள்.

பணம் கட்டிவிட்டு வாசல்வரை போன சேரன் திரும்பி வந்தார்.

"நெட்டுல நாளைக்குத்தானே போடுவீங்க?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"மச்சான் சிங்கப்பூர்ல இருக்கான்மா. அப்பாவுக்கு சீரியஸ், கிளம்பி வான்னுதான் சொல்லியிருக்கோம். ராத்திரி ஃப்ளைட்டு ஏறுறான். விஷயம் தெரிஞ்சா அவ்வளவு தூரம் தனியா எப்படி வருவான்? எங்க சித்தப்பா போனப்பகூட, துபாய்லேருந்து பையன் வீடு வந்துட்டானான்னு சபாபதி சாரே மூணு தடவ போன் பண்ணி கேட்டுட்டு, அப்புறந்தான் போட்டாரு."

ஃபஹீமா சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தளத்திலிருந்து அறிவிப்பை நீக்கினாள். படித்தவர்கள் எண்ணிக்கை 'ஒன்று' என்றிருந்தது. சரிபார்க்க அவள் திறந்ததுதான் அது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சபாபதி திரும்பியதும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அந்த டிக்கெட் கம்பெனிய வேணாம்னுட்டேன் சார். மார்ச்சுக்குள்ள வேற விளம்பரம் பிடிக்கறேன். பிடிச்சுக் காட்டறேன்."

அவர் ப்ரூஃபைக் கையில் எடுத்தார்.

மறுநாள் காலை, வந்ததும் வராததுமாக அவர் போனை எடுக்கப் போனார். ரிசீவர் ஏற்கெனவே ஃபஹீமாவின் காதில் இருந்தது.

"சேரன் சார்... உங்க மச்சான் வீடு வந்து சேந்துட்டாரா?"