முத்திரைத்தாள் ஏஜென்ட்

“லோரிமர் ஐயா! மரியாதையா வெளியே வாங்க. இல்லேன்னா நாங்க உள்ளே வர்றோம்!”

பீப்பாய் செய்யும் காலெப்பின் குரல் அது. அவன் பின்னால் கனெக்டிகட்டின் அந்தத் துறைமுக ஊரே தடியும் கையுமாகத் திரண்டிருந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் லண்டன் நாடாளுமன்றம் புது வரி போட்டிருந்தது. பத்திரம், உயில், செய்தித்தாள், எதுவானாலும் இனி முத்திரை குத்திய தாளில்தான். அந்தத் தாளை இந்த ஊரில் விற்க நியமிக்கப்பட்டவர் ஜேபஸ் லோரிமர்.

“போகாதீங்க! உசிரோட விட மாட்டாங்க,” என்று அழுதாள் அவர் மனைவி டார்கஸ்.

லோரிமர் வாசலுக்கு வந்தார். “என்னப்பா இது கூத்து? செய்தித்தாளுக்கு ஒரு பென்னி. அதைக் குடுத்தா குடியா முழுகிடும்?”

“பென்னி கிடக்கட்டும். எங்களை யாரு கேட்டா?”

“பிரெஞ்சுக்காரன்கிட்டேருந்து உங்களைக் காப்பாத்தினது அரசரோட படை. அந்தச் செலவை யாரு தர்றது?”

“எங்க ஆளுங்க வீட்டுல தூங்கிட்டா இருந்தாங்க? என் தம்பி அந்தச் சண்டைலதான் செத்தான்!” காலெப்பின் குரல் உடைந்தது. மறு நொடியே நிமிர்ந்தான். “வரி போடணும்னா நாங்க தேர்ந்தெடுத்த சபை போடட்டும், குடுக்கிறோம். லண்டன் சபைல எங்களுக்குன்னு ஒருத்தன் உக்காந்திருக்கானா? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் என் பையில கைய விடுவான், நான் பல்லைக் காட்டிட்டு நிக்கணுமா?”

கூட்டம் ஆர்ப்பரித்தது. நியாயமான கேள்விதான். லோரிமர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

“சரி, இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?”

“வேலையை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. தொப்பியைத் தூக்கிப் போட்டு ‘சுதந்திரம்’னு மூணு தடவை கத்துங்க!”

கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். ஊர் சிரித்துக்கொண்டே கலைந்தது. இனி இங்கே முத்திரைத்தாளை விற்க ஆளில்லை.

சற்று நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போன டார்கஸ் திகைத்து நின்றாள். மேசையருகே காலெப் உட்கார்ந்திருந்தான். அவன் கோப்பையில் ரம் ஊற்றிக்கொண்டிருந்தார் லோரிமர்.

“நானா வேலையை விட்டிருந்தா லண்டன்காரன் என்னைச் சும்மா விடுவானா? ஊரே மிரட்டிச்சுன்னா என்ன பண்ணுவான்? அது சரி, நேத்தே ஆளுங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே, ஏம்ப்பா ஒரு நாள் தள்ளிட்டே?”