பதினாலாம் நம்பர் டப்பா

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் படுக்கையறைக் கதவைத் தாழிட்டாள். கணவரின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, வேறு மாத்திரைகளைக் கொட்டி மூடினாள். மூன்றே மாதம், காரியம் முடிந்துவிடும்.

“என்னடி, திருடி மாதிரி முழிக்கிற?” அவள் தாழைத் திறந்ததும் துண்டோடு வந்தார் அவர்.

“உங்க மூஞ்சியைப் பார்த்தா வேற எப்படி முழிக்கிறதாம்?”

இருவருக்கும் சர்க்கரை. ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். பழத்தோலின் சத்து குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவை வளர்த்துச் சர்க்கரையைக் குறைக்குமா என்று சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். அவருக்குப் பதினாலாம் நம்பர் டப்பா, அவளுக்குப் பதினைந்து.

அன்று காலை, டப்பாக்கள் வந்த கையோடு, அவளுடைய கேப்ஸ்யூல் மாத்திரை ஒன்று காலில் மிதிபட்டு உடைந்தது. உள்ளே கருஊதாப் பொடி, ஒரே கசப்பு. அவருடையதைப் பிரித்தால் வெள்ளை மாவு!

அவருக்கோ கால் கட்டைவிரலில் ஆறாத புண். “மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுத்துட வேண்டியதுதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவர் மாவைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு இந்தத் திருட்டு வேலை.

ஒரு பயம் இருந்தது. மனிதர் மிக்ஸி மெக்கானிக். மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். ஆனால் மாத்திரையை மட்டும் மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

அவளுக்கு ரவிக்கை தொளதொளத்தது. கவலையில் இளைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஆராய்ச்சிக்காரப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

“சூப்பர்மா! உங்க குடல்ல நல்ல பாக்டீரியா எக்கச்சக்கமா பெருகியிருக்கு. சர்க்கரையும் நல்லா இறங்கியிருக்கு. ஐயாவுக்குத்தான்... ஒரு மாற்றமும் இல்ல.”

மாவைத் தின்றவளுக்கு எப்படி இறங்கும்? வராந்தாவுக்கு வந்ததும் கட்டுப்போட்ட அவர் காலைப் பார்த்து உடைந்துபோனாள்.

“ஏங்க... முதல் நாளே என் மருந்தை உங்க டப்பாவுல மாத்தி வச்சேங்க. உங்க விரலாவது பிழைக்கட்டும்னு...”

அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அடிப் பாவி, உன் டப்பாவுல வெறும் மாவா இருக்கேன்னு மறுநாளே நானும் மாத்தி வச்சேனே!”