தாழ்வாரத்தில் இரண்டு காலடி

படங்களுக்குக் காலடிச் சத்தம் போடுவதுதான் மீசைக்காரரின் பிழைப்பு. அன்றைக்கு வந்தது ஏதோ ஓர் அலுவலகத்தின் பயிற்சிப் படம். பெண் அதிகாரி ஒருத்தி ஆளில்லாத தாழ்வாரத்தில் விறுவிறுவென்று நடந்து போவாள்; அவ்வளவுதான். மனைவியின் ஹீல்ஸை மாட்டிக்கொண்டு, திரையில் அவள் கால் விழும்போதெல்லாம் மைக்குக்கு முன்னால் இவரும் பலகையில் கால் வைத்து முடித்தார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்த எடிட்டிங் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். "அண்ணே, பின்னாடியே இன்னொருத்தர் நடக்கற மாதிரி கேக்குதே?"

"நான் ஒத்தை ஆளும்மா. இந்த ஹீல்ஸ்ல நிக்கறதே பெரும்பாடு."

போட்டுக் காட்டினாள். அவருடைய அடிகளுக்கு நடுவே, வெறுங்காலடி ஒவ்வொன்றாக மெத்தென்று விழுந்தது.

"அதை மட்டும் வெட்டிடும்மா."

வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டினாள். காலையிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பாமல் நடந்த அந்த அதிகாரி, திரையில் பாதித் தாழ்வாரத்தில் நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் படத்தைத் தொடவே இல்லண்ணே!"

"வெட்டினதைத் திருப்பிச் சேரு. சீக்கிரம்!"

சேர்த்தாள். அதிகாரி பழையபடி, திரும்பாமல் நடந்தாள். இருவருக்கும் போன மூச்சு வந்தது. மீசைக்காரர் ஹீல்ஸைக் கழற்றக் குனிந்தார்.

ஸ்பீக்கரில் அவர் போட்ட நடை அதே நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த வெறுங்கால்கள்தான் ஓட ஆரம்பித்திருந்தன.