தண்ணீர் டம்ளர்

வசுமதியும் ஜெனிட்டாவும் ஒரே கம்பெனியில் எச்.ஆர்., ஒரே அறையில் தங்குபவர்கள். நாளை இருவரும் வேறொரு கம்பெனியில் ஒரே பதவிக்கு நேர்காணலுக்குப் போகிறார்கள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். கேள்வி கேட்பது வசுமதியின் முறை.

“ஒருத்தர வேலைய விட்டு அனுப்பணும். எப்படிச் சொல்லுவீங்க?”

“சொல்லிட்டு சும்மா இருப்பேன். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கடிகாரத்தப் பாக்க மாட்டேன்.”

இதே கேள்விக்கு வசுமதி இரண்டு பக்கம் மனப்பாடம் செய்திருந்தாள். அதில் இப்படி ஒரு வரி இல்லை. இவளுக்கு மட்டும் எப்படி யோசிக்காமலே வருகிறது? வயிறு எரிந்தது. அவள் கை தானாக நீண்டு, மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை ஜெனிட்டாவின் பக்கம் மெல்லத் தள்ளியது.

ஜெனிட்டா டம்ளரைப் பார்த்தாள். வேலை போன செய்தியைச் சொல்வதற்கு முன் அலுவலகத்தில் இருவரும் வழக்கமாகச் செய்வது அது.

“என்னடி,” என்று சிரிக்கப் பார்த்தாள். “என்னையவே அனுப்புறியா?”

வசுமதி சிரிக்கவில்லை.

“குடிங்க ஜெனிட்டா,” என்றாள், அலுவலகக் குரலில். “ஒண்ணும் அவசரமில்ல.”