கெதினின் பாதம்

பதுங்குகுழிச் சேற்றில் மாலை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் தேங்கிக் கிடக்கிறது. 1917 டிசம்பர்; ஃப்ளாண்டர்ஸில் இது போரின் நான்காவது குளிர்காலம். எதிரே ஜெர்மன்காரர்கள்; வலப்பக்கக் குழியில் எங்கள் பக்கம் நின்று சண்டையிடும் போர்த்துக்கீசியர்கள் விடாமல் இருமுகிறார்கள். வேல்ஸ்காரர்களான நாங்கள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பாதத்துக்கு மற்றவர் திமிங்கில எண்ணெய் தேய்த்துவிடுகிறோம். தினமும் தேய்க்காவிட்டால் ஈரத்திலேயே பாதம் அழுகிவிடும். கெதினின் கால் என் மடியில் இருக்கிறது. "மெதுவாடா, கூசுது. உங்க வீட்டுக் குதிரைக்குத் தேய்க்கற மாதிரி தேய்க்கற," என்கிறான். "குதிரை உன்னை மாதிரி நாறாது," என்கிறேன். அவன் விரல்கள் மெழுகாக வெளுத்திருக்கின்றன. பேச்சோடு பேச்சாகப் பெருவிரலில் நகத்தை அழுத்துகிறேன். தோலில் பள்ளம் விழுகிறது. அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இப்பவும் கூசுதா?"

"கூசுது, கூசுது," என்று சிரிக்கிறான்.

"பொய் சொல்லாத."

அவன் சிரிப்பு நிற்கிறது. "சார்ஜென்ட்கிட்ட சொல்லிடாதடா, எம்லின். நான் போயிட்டா முன்காவலுக்கு நீ யாரோட போவ?"

கம்பிவேலிக்கு அப்பால் நாங்கள் இருவரும்தான் படுத்திருப்போம். அவன் விழித்திருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் கண்ணை மூடுவேன். வேறு யாரை நம்பியும் அங்கே என்னால் தூங்க முடியாது. அவன் காலுறையை மெல்ல மாட்டிவிடுகிறேன். பூட்ஸை எடுத்துத் தள்ளி வைக்கிறேன். "சார்ஜென்ட்! இங்க வாங்க. இவன் காலு மரத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்," என்று கத்துகிறேன். கெதின் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டுகிறான். திட்டிக்கொண்டே தன் கையுறைகளைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறான்.