திண்டிவனம் போய்ச் சேரும் பேருந்து

பேருந்து திண்டிவனத்துக்குள் நுழைந்து நின்றது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். திரை இருண்டது.

“அவ்வளவுதானா?” என்று போனில் கேட்டார் தேவநாதன்.

“அவ்வளவுதான் சார்,” என்றாள் ஆஷ்லின்.

தேவநாதன் சென்னையில் வீடியோ கேம்களை வாங்கி வெளியிடுகிறவர். விழுப்புரத்தில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஆஷ்லின் தனியாகச் செய்த கேமை, இப்போதுதான் முழுக்க விளையாடி முடித்திருந்தார்.

விழுப்புரத்தில் ஒரு பேருந்தை எடுத்து திண்டிவனம் வரை ஓட்ட வேண்டும். வழியில் மழை பிடிக்கும். எதிரே ஒரு லாரி தப்பான பக்கத்தில் ஏறி வரும். பிரேக்கிலிருந்து கிரீச்சென்று சத்தம் கேட்கும். இசை ஏறிக்கொண்டே போகும். இதோ, இப்போது என்று விளையாடுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

ஒன்றும் நடக்காது.

வேண்டுமென்றே கொண்டுபோய் மோதினாலும் மோதாது. பேருந்து தானாக வேகம் குறைந்து சாலைக்குத் திரும்பிவிடும்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா விளையாடறவன் ஏமாந்து போயிடறான்மா,” என்றார் தேவநாதன். “கடைசில ஒரு ஆக்ஸிடென்ட் வச்சிடுங்க. சரின்னு சொன்னா நாமளே வெளியிட்டுடலாம். கொஞ்ச நேரத்துல கூப்புடறேன்.”

ஏமாற வேண்டும் என்றுதான் அதைச் செய்திருந்தாள். ஆனால் அதை எத்தனை பேரிடம் சொல்வது? இதற்கு முன் பார்த்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

விபத்து ஒன்றும் பெரிய வேலையில்லை. லாரி ஏற்கெனவே இருக்கிறது. அது விலகிப் போகாமல் செய்துவிட்டால் போதும்.

கண் எரிந்தது. செய்துவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

அப்போது அப்பா உள்ளே வந்தார்.

அமலதாஸ் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல் பார்க்கிறார். பகலில் படுப்பார், தூங்குகிறாரா என்று தெரியாது. முன்பு இதே விழுப்புரம்–திண்டிவனம் வழியில் தனியார் பேருந்து ஓட்டியவர். ஊரிலிருக்கும் சிநேகிதர்கள் எல்லோருக்கும் கேமைக் கொடுத்து விளையாடச் சொன்ன ஆஷ்லின், அவருக்கு மட்டும் காட்டியதில்லை.

அப்பா திரையைப் பார்த்தபடி நின்றார்.

“என்னாம்மா இது, நம்ம ரூட்டா?”

மூடி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“ஓட்டிப் பாக்கறியாப்பா?”

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எது வேகம், எது பிரேக் என்று அவள் காட்டினாள். கிளம்புவதற்கு முன் அவர் தலை தன்னால் வலப்பக்கம் திரும்பியது. அங்கே பேருந்தின் பக்கக் கண்ணாடி இல்லை, வீட்டு ஜன்னலின் திரைச்சீலைதான் இருந்தது.

யாருமே இந்த கேமை இவ்வளவு மெதுவாக விளையாடி அவள் பார்த்ததில்லை.

முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி வந்ததும் வேகத்தைக் குறைத்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் மழை பிடித்தது. லாரி ஏறி வந்தது. மற்றவர்கள் அலறிய இடம் அது. அவர் பேசாமல் இடதுபக்கம் ஒதுங்கி அதற்கு வழி விட்டார். இசை ஏறியது. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மழை விட்டது. நேரான சாலை. இனி திண்டிவனம்தான்.

அப்பா பேருந்தை நிறுத்தினார்.

அங்கே நிறுத்தம் எதுவும் கிடையாது. கேம் ஏதாவது தகராறு செய்கிறதா என்று ஆஷ்லின் குனிந்து பார்த்தாள். இல்லை. அவர் விரல் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

“ஏம்பா, நின்னுடுச்சா?”

“இல்லம்மா. அந்தம்மா தாண்டிக்கட்டும்.” அவர் குரல் சாதாரணமாக இருந்தது. “தலையில மல்லாட்டக் கொடி வச்சிக்கினு இருக்குது. ஜல்தியா வர முடியாது அதால.”

ஆஷ்லின் திரையைப் பார்த்தாள். ஈரமான தார்ச்சாலை. நடுவில் அரளிச் செடிகள். இந்தப் பக்கம் கரம்பு நிலம்.

வேர்க்கடலைக் கொடி சுமக்கிற பெண் என்ன, அந்த இடத்தில் அவள் யாரையுமே வைக்கவில்லை.

அப்பா பேருந்து வேலையை விட்ட வருஷம் அவள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ‘ஒரு பொம்பள, ரோட்டத் தாண்டறப்ப’ என்று மட்டும் அம்மா போனில் சொன்னாள். எந்த இடம், எப்படி என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொன்னதில்லை.

போன் அடித்தது. தேவநாதன்.

“என்னம்மா, வச்சிடலாமா?”

“முடியாது சார்.”

“ஏன்?”

ஆஷ்லின் அப்பா பக்கம் திரும்பினாள். போனை வைத்துவிட்டாள்.

அப்பா எதையும் கவனிக்கவில்லை. பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மெல்ல, மிக மெல்ல, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அரளிச் செடிகள் இருக்கும் இடம் வந்ததும் நின்றது.

பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அவர் பேருந்தை எடுத்தார்.